கடல் பாலூட்டிகளோடு ஒரு நாள் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டால்பின், கடற்சிங்கம், கடல்நாய் ஆகியவற்றைப் பராமரிக்கும் பல இடங்களில், வெளியாள் ஒருவர் ஒரு நாள் முழுக்கப் பராமரிப்பாளர்களோடு சேர்ந்து வேலை செய்ய இடம் தருகிறார்கள். அப்படிச் சில நாள்களை நான் கழித்திருக்கிறேன். பிறகு ஒரு மீட்பு மையத்தில் சில மாதங்கள் தன்னார்வலராகவும் இருந்தேன். போக நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நாள் முழுவதும் டால்பினோடு நீந்தலாமா?

முடியாது. விலங்குக்குப் பக்கத்தில் நிற்கும் நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்கு எந்த நாளிலும் ஒரு மணி நேரம் தேறியதில்லை. மிச்சப் பொழுதெல்லாம் மீன் அறை, கழுவும் தொட்டி, தரை தேய்க்கும் பிரஷ், பதிவேடு. விலங்குகளின் நாளுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. நீங்கள் வந்தீர்கள் என்பதற்காக அது மாறாது, மாறவும் கூடாது. உங்களுக்காக அதை மாற்றிக்கொடுக்கும் இடமென்றால் எனக்கு அந்த இடத்தின் மேல்தான் சந்தேகம் வரும்.

காலையில் முதல் வேலை என்ன?

பார்ப்பது. மீன் வாளியைத் தொடும் முன்பே மூத்த பராமரிப்பாளர் குளத்தைச் சுற்றி ஒரு நடை போவார். எல்லா விலங்கும் இருக்கிறதா, கண் இரண்டும் திறந்திருக்கிறதா, உடம்பில் புதுக் கீறல் உண்டா, எது கூட்டத்தை விட்டு ஒதுங்கி மிதக்கிறது, சாணம் எப்படி இருக்கிறது என்று கவனிப்பார். டால்பின் என்றால் ஐந்து நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்றும் எண்ணுவார்கள். டால்பினுக்கு மூச்சு நம்மைப்போல் தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு மூச்சையும் அது நினைத்துத்தான் விடுகிறது, தூங்கும்போதுகூட மூளையின் ஒரு பாதி விழித்திருக்கிறது. மூச்சின் எண்ணிக்கை மாறினால் உள்ளே ஏதோ சரியில்லை என்று பொருள்.

கடல் விலங்குகள் நோயை மறைக்கும். தளர்ச்சியைக் காட்டினால் கடலில் உயிர் பிழைக்க முடியாது என்பது அவற்றின் உடம்பில் ஊறிய பாடம். "நேற்றைப்போல் இல்லை" என்று ஒரு பராமரிப்பாளருக்குத் தோன்றுவதுதான் பல சமயம் முதல் அறிகுறி. அந்தக் கண் வருவதற்கு வருடங்கள் ஆகும். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று, அவர் எங்கே பார்க்கிறார் என்பதைப் பாருங்கள். அந்த நாளில் எனக்குப் பிடித்த நேரம் இந்த நடைதான்.

மீன் அறையில் என்ன நடக்கிறது?

நீங்கள் அதிகநேரம் நிற்கப்போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உறைந்த மீன் பெட்டிகளை முந்தின நாளே குளிர் அறைக்கு மாற்றி மெல்லக் கரைய விட்டிருப்பார்கள். வெளியில் வைத்தோ வெந்நீர் ஊற்றியோ கரைப்பதில்லை. நடுவில் பனி இருக்கும்போதே மேல்பக்கம் கிருமி பெருகத் தொடங்கிவிடும். கானாங்கெளுத்தி வகை மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு சேர்ந்துவிடும். மறுபடி உறைய வைத்தாலும் அது போகாது. கரைந்த மீனைப் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

ஹெர்ரிங், கேப்லின், கானாங்கெளுத்தி, கணவாய் என்று எது வந்தாலும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வயிறு வெடித்தது, தோல் கிழிந்தது, கண் குழிந்தது, வாடை மாறியது எல்லாம் கழிவு. மனிதர் சாப்பிடத் தகுந்த மீன்தான் விலங்குக்கும் போகலாம் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. முதல் நாள் நான் கேட்டேன்: "வயிறு லேசாகத்தானே வெடித்திருக்கிறது, கடலில் இதையெல்லாம் பார்த்தா தின்கிறது?" பக்கத்தில் இருந்தவர் மீனைக் கழிவுத் தொட்டியில் போட்டபடியே சொன்னார்: "கடலில் அது உயிர் மீனைப் பிடிக்கிறது. இது செத்து எத்தனையோ மாதம் ஆன மீன். நாம்தான் பார்க்க வேண்டும்."

ஒவ்வொரு விலங்குக்கும் பெயர் எழுதிய தனி வாளி உண்டு. பெரும்பாலும் எஃகு வாளிதான், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் கீறலுக்குள் கிருமி தங்கிவிடும். எடை பார்த்துத்தான் மீன் போட வேண்டும். ஒரே எடை என்றாலும் ஹெர்ரிங்கில் கொழுப்பு அதிகம், கேப்லினில் குறைவு, அதனால் எந்த மீன் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கு உண்டு. நான் ஒருமுறை ஒரு கைப்பிடி மீனை வாளி மாற்றிப் போட்டுவிட்டேன். மேற்பார்வை செய்தவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாளியையும் கொட்டி, ஒவ்வொரு மீனாகத் திரும்ப நிறுத்தார். அதற்குப் பிறகு தராசு முள்ளிலிருந்து நான் கண்ணை எடுத்ததே இல்லை.

மீனுக்குள் மாத்திரை வைப்பது ஏன்?

மீன் உறைந்து கிடக்கும்போது அதன் சத்து சும்மா இருப்பதில்லை. கொழுப்பு மெல்லக் கெடும்போது வைட்டமின் ஈ வீணாகிறது. ஹெர்ரிங், கேப்லின் போன்றவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். பி1 குறைந்தால் விலங்குக்கு நரம்புத் தளர்ச்சியும் வலிப்பும் வரும். அதை ஈடுகட்ட ஒரு கிலோ மீனுக்கு சுமார் 25 முதல் 30 மில்லிகிராம் பி1-ம் 100 அலகு வைட்டமின் ஈ-யும் தருவது வழக்கம். மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகி, அந்த மீனை முதலில் கொடுப்பார்கள். பசி உச்சத்தில் இருக்கும்போது விழுங்கிவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும்?

குப்பிமூக்கு டால்பின் தன் எடையில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு. 200 கிலோ டால்பினுக்கு 8 முதல் 12 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கடற்சிங்கத்துக்கு இதைவிடச் சற்றுக் கூடுதல். எல்லாவற்றையும் மிஞ்சுவது கடல் நீர்நாய்: தன் எடையில் கால்வாசி வரை தின்னும். மற்றவற்றுக்கு இருக்கும் தடித்த கொழுப்புப் போர்வை அதற்குக் கிடையாது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முடியும், ஓயாமல் எரியும் வயிற்று நெருப்பும்தான் குளிர்ந்த கடலில் அதைக் காப்பாற்றுகின்றன.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டால்பினுக்குத் தண்ணீரும் மீனிலிருந்துதான் கிடைக்கிறது. உணவை மறுக்கும் டால்பினுக்குப் பசியோடு தாகமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வேளை மீனை ஒதுக்கினாலே மருத்துவருக்குச் சொல்லிவிடுவதற்கு இதுதான் காரணம்.

விசில் எதற்கு?

கட்டளைக்காக அல்ல. கட்டளை பெரும்பாலும் கைச்சைகையில்தான். விசில் சொல்வது "இதுதான், இந்த நொடி நீ செய்ததுதான்" என்பதை. டால்பின் குளத்தின் மறுகோடியில் சரியாக ஒன்றைச் செய்கிறது. மீனை எடுத்துக்கொண்டு நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அது வேறு நான்கு காரியம் செய்திருக்கும். எதற்காக மீன் என்று அதற்கு எப்படித் தெரியும்? செயலுக்கும் மீனுக்கும் நடுவில் பாலம் போடுகிறது விசில். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதி இந்த முறையை ஆய்வகத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள், 1950-களில் அது டால்பின் குளங்களுக்கும் வந்து சேர்ந்தது.

விலங்கு தவறு செய்தால்? ஒன்றும் கிடையாது. பயிற்சியாளர் இரண்டு மூன்று நொடி முகத்தில் எதுவும் காட்டாமல் அசையாமல் நிற்பார். பிறகு வேறு எதையாவது கேட்பார். உங்கள் கையில் விசிலைக் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். தப்பான நொடியில் ஊதிய ஒரு விசில் ஒரு வாரப் பயிற்சியைக் குழப்பிவிடும்.

பட்டினி போட்டுத்தான் பழக்குகிறார்களா?

நல்ல இடத்தில் அப்படி இல்லை. சொன்னதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அன்றைய வாளி முழுவதும் அன்றைக்கே அதற்குப் போய்ச் சேரும். எல்லா இடமும் நல்ல இடம் என்று நான் சொல்ல மாட்டேன். "இன்று இது ஒத்துழைக்கவில்லை என்றால் மீதி மீன் என்னவாகும்?" என்று நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

ஊசி போடும்போது பிடித்துக் கட்டுவார்களா?

ஒரு காலத்தில் குளத்து நீரை வடித்துவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துத்தான் இரத்தம் எடுத்தார்கள். இப்போது நல்ல இடங்களில் டால்பின் மல்லாந்து மிதந்து, வால்துடுப்பைத் தானே பராமரிப்பாளர் மடியில் வைக்கிறது. வாலின் அடிப்பக்கத்து இரத்தக்குழாயில் மருத்துவர் ஊசி ஏற்றுகிறார். அது எந்த நொடியும் வாலை இழுத்துக்கொண்டு போகலாம். போனால் விட்டுவிடுவார்கள்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. முதல் வாரம் வாலைத் தொட மட்டும் செய்வார்கள். அப்புறம் கொஞ்சநேரம் பிடித்திருப்பது, பிறகு ஈரப் பஞ்சால் துடைப்பது, பிறகு கூர் இல்லாத குச்சியால் அழுத்துவது. ஊசி வரும்போது அது இன்னொரு படி, அவ்வளவுதான். இதேபோல் கடற்சிங்கம் வாயைத் திறந்து பல் தேய்க்கக் கொடுக்கும், தராசின்மேல் ஏறி அசையாமல் நிற்கும், கண்ணில் மருந்து விட முகத்தை நீட்டும். டால்பினின் மூச்சுத்துளைக்கு மேல் சிறு வட்டத் தட்டைப் பிடித்து, சைகை காட்டி வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். அந்தச் சாரலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் நுரையீரலில் கிருமி உண்டா என்று தெரிந்துவிடும்.

எம்பிக் குதிப்பதைப் பார்க்க ஆயிரம் பேர் கூடுவார்கள். எனக்கு இந்த வாலை நீட்டும் காட்சிதான் பெரிது. உங்கள் நாளில் இப்படி ஒரு பரிசோதனை இருந்தால், தொடுவதற்கான நேரத்தை விட்டுக்கொடுத்தாவது அதைப் பாருங்கள்.

டால்பின் எப்போதும் சிரிக்கிறது, கடல்நாய் அழுகிறது. உண்மையிலேயே அப்படித்தானா?

டால்பினின் சிரிப்பு தாடை எலும்பின் வளைவு. நோயில் கிடக்கும்போதும் அதே சிரிப்புதான், அதனால்தான் முகத்தை நம்பக் கூடாது. கடல்நாய்க்குக் கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் இல்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து, கண்ணைச் சுற்றி ஈர வளையம் தெரியும். அழுவதுபோல் இருந்தால் நல்லது என்று பொருள். வளையம் காய்ந்திருந்தால்தான் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பயப்பட வேண்டும்.

தொட்டுப் பார்க்க விடுவார்களா? எப்படி இருக்கும்?

பல இடங்களில் டால்பினையும் கடற்சிங்கத்தையும் பராமரிப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது தொட விடுவார்கள். டால்பினின் தோல் அவித்து உரித்த முட்டை மாதிரி வழவழப்பு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மேல்தோல் உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் கையில் கருப்பாகத் துகள் ஒட்டினால் திடுக்கிட வேண்டாம். மூச்சுத்துளை, கண் பக்கம் கை போகவே கூடாது. கடல் நீர்நாயைத் தொட யாரும் விட மாட்டார்கள். சிப்பியை நொறுக்கும் தாடை அதற்கு.

கடிக்குமா? நோய் தொற்றுமா?

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஆண் கடற்சிங்கம் 300 கிலோவைத் தாண்டும், நிலத்திலும் நாம் நினைப்பதைவிட வேகமாக நகரும். பராமரிப்பாளருக்குப் பின்னால் நிற்கச் சொன்ன இடத்தைவிட்டு அசையாதீர்கள்.

கடல்நாயின் கடியிலிருந்தும், வெட்டுக்காயம் உள்ள கையால் அதைத் தொடுவதிலிருந்தும் "கடல்நாய் விரல்" என்ற தொற்று வரலாம். விரல் வீங்கி மூட்டுவரை வலி ஏறும். ஒரு காலத்தில் விரலையே எடுக்க வேண்டியிருந்தது. இதற்குப் பெனிசிலின் வேலை செய்யாது, டெட்ராசைக்ளின் வகை மருந்துதான் கேட்கும். அதனால் மருத்துவரிடம் போனால் "கடல்நாயோடு வேலை செய்தேன்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும். தொற்று நம்மிடமிருந்து அவற்றுக்கும் போகும். சளி, காய்ச்சல் இருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள். மனிதரிடமிருந்து போனதல்ல என்றாலும், ஒரு தொற்று எவ்வளவு அழிக்கும் என்பதற்கு இது போதும்: 2023-இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் ஒரே பருவத்தில் 17,000-க்கும் மேற்பட்ட யானைக் கடல்நாய்க் குட்டிகளைக் கொன்றது. முகக்கவசம் போடச் சொன்னால் காரணம் கேட்காமல் போடுங்கள்.

கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். மீன் நிரம்பிய வாளி 10 கிலோவுக்குக் குறையாது, முதுகுவலிக்காரர்கள் அதையும் யோசியுங்கள்.

என்ன உடுத்துவது? எதைக் கொண்டுபோகக் கூடாது?

வழுக்காத மூடிய செருப்பு, நனைந்தால் கவலையில்லாத உடை, மாற்றுடை ஒன்று. மோதிரம், காதணி, கைக்கடிகாரம், பேனா மூடி, சில்லறை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். குளத்தில் விழுந்த சிறு பொருளை டால்பினும் கடற்சிங்கமும் விழுங்கிவிடும், வயிற்றில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. குளத்தை நெருங்கும் முன் பையைக் காலி செய்யச் சொல்வது இதற்காகத்தான். தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் வெயில் களிம்பும் வாசனை எண்ணெயும் வேண்டாம்.

மீன் வாடை எத்தனை நாள் இருக்கும்?

எலுமிச்சையோ வினிகரோ தேய்த்தால் அன்றைக்கே போகும். மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அது உப்பாக மாறிக் காற்றில் பரவாமல் நின்றுவிடும். துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் கறை இறுகிவிடும்.

தரை கழுவுவது, தண்ணீர் சோதிப்பது எல்லாம் நாமும் செய்ய வேண்டுமா?

கழுவுவது கண்டிப்பாக. சோதனையை உடனிருந்து பார்க்கலாம். உப்பின் அளவு, அமிலத்தன்மை, குளோரின், குடல் கிருமிகளின் எண்ணிக்கை என்று பார்ப்பார்கள். உப்பு குறைந்த நீரில் வெகுநாள் வைத்திருந்த கடல்நாய்களுக்குக் கண்ணில் புண் வருவது தெரிந்த விஷயம். குளத்து விலங்குகளின் கண்ணைப் பார்த்தாலே அந்த இடத்தின் தண்ணீரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

மீட்பு மையத்தில் வேலை இதே மாதிரிதானா?

நேர் எதிர். அங்கே விலங்கு உங்களோடு பழகவே கூடாது. கடலுக்குத் திரும்ப வேண்டிய குட்டி மனிதக் குரலையும் மீனையும் சேர்த்துப் புரிந்துகொண்டால், நாளை படகைத் தேடி வரும். அதனால் கூண்டுகளுக்கு நடுவே பேச்சு கிடையாது, கொஞ்சல் கிடையாது, தேவைக்கு மேல் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. விலங்குக்கும் உங்களுக்கும் நடுவில் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு, அதனால் மெல்ல நகர்த்துவீர்கள்.

தாயைப் பிரிந்து வந்த குட்டிக்கு முதலில் மீன் என்றால் என்னவென்றே தெரியாது. அரைத்த மீன் கஞ்சியைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவார்கள். பிறகு மீனைக் காட்டி, வாயில் வைத்து, தண்ணீரில் இழுத்துக் காட்டி, அது தானாகத் துரத்திப் பிடிக்கும்வரை நாள்கணக்கில் பழக்குவார்கள். நான் இருந்த மையத்தில் ஒரு குட்டி ஒன்பது நாள் மீனைத் துப்பியது. பத்தாம் நாள் விழுங்கியபோது நாங்கள் ஐந்து பேர் வேலிக்கு வெளியே சத்தமில்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நெதர்லாந்தின் பீட்டர்பியூரன் கடல்நாய் மையம் 1971-இலும், கலிபோர்னியாவின் சௌசலிட்டோ மையம் 1975-இலும் தொடங்கப்பட்டவை. சௌசலிட்டோவுக்கு வலிப்போடு வரும் கடற்சிங்கங்களில் பல, நச்சுப்பாசியைத் தின்ற மீன்களைத் தின்றவை. அந்தப் பாசியின் டொமாயிக் அமிலம் மூளையைத் தாக்குகிறது. இப்படிப்பட்ட மையங்கள் தன்னார்வலர்களால்தான் நடக்கின்றன. ஆனால் ஒரு நாள் விருந்தாளியாக அல்ல, மாதக்கணக்கில் வாரம் ஒரு முறை தவறாமல் வருபவரையே கேட்பார்கள்.

இவற்றை அடைத்து வைப்பதே தவறில்லையா? நான் போகலாமா?

இந்தக் கேள்வியோடுதான் நானும் போனேன், இன்னும் அது என்னை விடவில்லை. ஒரு நாளில் பல பத்துக் கிலோமீட்டர் நீந்தும் திமிங்கில இனங்களுக்குக் குளம் போதாது என்றே நினைக்கிறேன். உலகமும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. டால்பின் காட்சியகங்களுக்கு இந்தியா 2013-இல் அனுமதி மறுத்தது. கனடா 2019-இல் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் சிறையில் வளர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அமெரிக்காவில் கடல் விலங்குப் பூங்காக்களை நடத்தும் சீவேர்ல்டு நிறுவனம் 2016-இல் ஓர்க்காக்களை (கொலையாளித் திமிங்கிலங்களை) இனப்பெருக்கம் செய்வதை நிறுத்தியது.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிடலாமே என்பார்கள். கெய்க்கோ என்ற ஓர்க்காவை 1979-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடித்தார்கள். 1998-இல் அதே கடலுக்குக் கொண்டுபோய், வருடக்கணக்கில் பழக்கி விட்டார்கள். 2002-இல் அது நார்வேக்கு நீந்திப்போனது, அங்கேயும் மனிதர்களையே தேடி வந்தது, 2003 டிசம்பரில் இறந்தது. இருபது வருடம் வாளியில் மீன் தின்ற விலங்குக்கு யாராவது காலமெல்லாம் வாளி தூக்கத்தான் வேண்டும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர்கள் மதிப்புக்குரியவர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் முதலில் கேட்க வேண்டியது விலங்கு எங்கிருந்து வந்தது என்பதை. மீட்கப்பட்டதா, அங்கேயே பிறந்ததா, கடலில் பிடித்ததா? ஜப்பானின் தைஜியில் டால்பின்களை விரட்டிப் பிடித்து விற்கும் வழக்கத்தால் அந்நாட்டு விலங்குக்காட்சிச் சங்கத்தை உலகச் சங்கம் 2015-இல் இடைநீக்கம் செய்தது. அதன்பிறகே தன் உறுப்பினர்கள் அங்கே வாங்கக் கூடாது என்று ஜப்பானியச் சங்கம் முடிவெடுத்தது. அடுத்துக் கேட்க வேண்டியது, ஆள்களைப் பிடிக்காமல் போனால் விலங்கு விலகிப்போய் ஒளிய இடம் இருக்கிறதா என்பது. கடலில் பிடித்தது என்றாலோ, விலக இடமில்லை என்றாலோ நான் போக மாட்டேன்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

முழு நாள் வேலைக்குப் பெரும்பாலும் வயது வரம்பு வைத்திருப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரச் சுற்றிக்காட்டலே போதும்.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். பளிச்சிடும் விளக்கு வேண்டாம். மீட்பு மையத்தில் கைப்பேசி வெளியே வரவே கூடாது.

கடற்கரையில் கடல்நாயோ டால்பினோ ஒதுங்கிக் கிடந்தால் என்ன செய்வது?

கடல்நாய் என்றால் தள்ளி நில்லுங்கள். அது ஓய்வெடுக்கத்தான் கரையேறும். தண்ணீருக்குள் தள்ளாதீர்கள், மேலே நீர் ஊற்றாதீர்கள், தனியே கிடக்கும் குட்டியைத் தூக்காதீர்கள், தாய் இரை தேடப் போயிருக்கலாம். உங்களோடு வந்த வளர்ப்பு நாயைக் கட்டிப்போடுங்கள், மீட்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். டால்பின் என்றால் உடனே சொல்ல வேண்டும். அவர்கள் வரும்வரை ஈரத்துணி போர்த்தித் தோலை நனைத்துக்கொண்டே இருங்கள், மூச்சுத்துளையில் மட்டும் நீரோ துணியோ மணலோ போகக் கூடாது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பு பிசகிவிடும்.

இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். விலங்கியலோ உளவியலோ படித்தவர்களும், நன்றாக நீந்தவும் முக்குளிக்கவும் தெரிந்தவர்களும் அதிகம். 1972-இலிருந்து இத்துறைக்கென ஓர் உலகச் சங்கமே இயங்குகிறது. ஆனால் நான் பார்த்த எல்லோரும் தொடங்கியது சம்பளமில்லாமல் மீன் அறையில்தான். அந்த ஒரு நாளில் தரை தேய்க்கும் வேலை உங்களுக்குப் பாரமாகத் தெரியவில்லையா, விண்ணப்பம் போடுங்கள்.

அடுத்த வருடம் போனால் என்னை அடையாளம் தெரிந்துகொள்ளுமா?

டால்பினின் நினைவாற்றல் பெரியது. கூட வாழ்ந்த டால்பினின் தனிச் சீழ்க்கையை 20 வருடம் கழித்துக் கேட்டும் அடையாளம் கண்டுகொள்கின்றன என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது வருடக்கணக்கில் கூடவே நீந்திய உறவு. நீங்கள் ஒரு நாள் மீன் கழுவியவர். நான் இரண்டாம் முறை போனபோது அந்தக் கடற்சிங்கம் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதன் கண் பராமரிப்பாளர் மேலேயே இருந்தது, 14 வருடமாகத் தினமும் காலையில் குளத்தைச் சுற்றி நடக்கும் அவர் மேல்.